ஒட்டாவாவுக்குப் போன பொங்கல்படி

"இந்தப் பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது?" என்று கனடா நாட்டுச் சுங்க அதிகாரி கேட்டார்.

"என் கழுத்துத் துண்டு," என்றேன். உண்மையும் அதுதான். சென்னையிலிருந்து என் மடியிலேயே பயணம் செய்த வெண்கலப் பானைக்குள், மகள் வாங்கி அனுப்பியிருந்த கம்பளித் துண்டைச் சுருட்டி வைத்திருந்தேன்.

"பெட்டியோடு பெட்டியாக அனுப்பியிருக்கலாமே?"

அனுப்பியிருக்கலாம். ஆனால் பெட்டிகளை எப்படித் தூக்கி எறிவார்கள் என்பதைத் துறைமுகத்தின் சரக்குப் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதை அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க விரும்பவில்லை. மகளுக்குத் திருமணமான பின் வரும் முதல் பொங்கல் இது, பெற்றவர்கள் பானையும் அரிசியும் வெல்லமும் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வழக்கம் என்று சுருக்கமாகச் சொன்னேன்.

"ஏன், உங்கள் மகளிடம் பானை இல்லையா?"

"இருக்கிறது."

அவர் குழம்பினார். ஆங்கிலம் புரியாவிட்டாலும் குரலைக் கொண்டே எதையும் அளந்துவிடும் என் மனைவி பாக்கியம், "இன்னா கேட்டுக்கினு கீறாரு? கைல குடுங்க, தட்டிப் பாக்கட்டும். வெங்கலம்னா இன்னான்னு அவருக்கும் தெரியட்டுமே," என்றாள். அதிகாரி விரலால் சுண்டினார். பானை கோயில் மணி போல் ஒலித்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே எங்களை அனுப்பிவைத்தார்.

இந்தப் பயணத்தின் காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் தென்மாவட்டத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் பலசரக்குக் கடை வைத்தவர். பொங்கல்படி வராமல் எங்கள் குடும்பத்துப் பெண் எவளும் தன் முதல் பொங்கலைக் கண்டதில்லை. என் ஒரே மகள் கவிதா, ஒட்டாவாவில் தன்னோடு வேலை பார்த்த கோயம்புத்தூர்ப் பையனை விரும்பினாள். இரு வீட்டாரும் கூடிப் பேசித் திருமணத்தை முறையாகவே நடத்தினோம். நிச்சயதார்த்தத்துக்காகத் திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சம்பந்தியம்மாள், மொட்டை மாடியில் நின்று எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகளைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சம்பந்தி, இந்த ஊர்ல பொங்க வெச்சா சூரியன் தெரியுமுங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

சம்பந்திகள் இப்போது டொராண்டோவில் மூத்த மகன் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். பொங்கலன்று காலையில் ஒட்டாவாவுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. அவர்கள் கண்ணெதிரில், திறந்த வானத்தின் கீழ், நான் கொண்டுவந்த பானையில் பால் கிழக்கு முகமாகப் பொங்கி வழிய வேண்டும். திருவொற்றியூர்க்காரன் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை என்பதை அந்த அம்மாள் ஒருமுறை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் நோக்கம்.

*

முதல் நாள் முழுவதும் சன்னலருகில் கழிந்தது. வெளியே எல்லாமே வெள்ளை. கூரைகள், வேலிகள், நிறுத்தி வைத்த கார்கள் எல்லாவற்றின் மேலும் ஒரே கனத்தில் பனி படிந்திருந்தது. எங்களுக்கு இது முற்றிலும் புதிய காட்சி என்று சொல்லிவிட முடியாது. எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இலைகளின் மேலும் கூரைகளின் மேலும் வெளிர் சாம்பல் இப்படித்தான் படிந்திருக்கும். கவிதா சிறுமியாக இருந்தபோது அந்தச் சாம்பலில்தான் விரலால் தன் பெயரை எழுதுவாள். இங்கே காரின் கண்ணாடியில் படிந்த பனியில், தன் பெயரோடு கணவரின் பெயரையும் சேர்த்து எழுதி எங்களுக்குக் கைகாட்டினாள். இதைத் துடைத்தால் கை கறுப்பதில்லை.

பாக்கியம் ராயபுரத்தில் பிறந்து காசிமேட்டுக் காற்றில் வளர்ந்தவள். துறைமுகத்தில் மீனுக்குப் போடும் உடைத்த ஐஸைத் தவிர வேறு பனியை அவள் அறியாள். வாசலுக்குப் போய் ஒரு கைப்பிடி அள்ளினாள்; முகர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, ஒரு வாசனையும் இல்ல. இம்மாம் ஐஸ கொட்டி வெச்சிக்கினு ஒரு வஞ்சரம்கூட இல்லியே!"

சற்று நேரத்தில் ஒரு பெரிய வண்டி சாலையில் உப்பைத் தூவிக்கொண்டே போயிற்று. பனி இறுகாமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று மாப்பிள்ளை அருண் விளக்கினார். பாக்கியம் தலையை ஆட்டினாள். "ஐஸும் போட்டாச்சு, உப்பும் போட்டாச்சு. ரோட்டையே கருவாடு போட்டுக்கினு கீறாங்க." மாப்பிள்ளை நெடுநேரம் சிரித்தார். நான் அவளைத் தனியே அழைத்து, சம்பந்திகள் வரும்போது பேச்சில் சற்றுக் கவனம் வேண்டும் என்று சொன்னேன்.

"ஏன், நான் பேசறது அவங்களுக்குப் புரியாதா? நாம பொங்கல் வெக்க வந்துகிறமா, பேச்சுப் போட்டிக்கு வந்துகிறமா?" என்று கேட்டுவிட்டு அவள் ரசம் வைக்கப் போய்விட்டாள். கண்ணாடிக்கு வெளியே பனி விழ, உள்ளே மிளகு ரசத்தின் ஆவியில் சன்னல் மங்கிற்று. அந்த ரசத்தைக் கோப்பையில் ஊற்றி, நால்வரும் நின்றபடியே குடித்தோம். நின்றுகொண்டு சாப்பிடுவது எனக்கு உடன்பாடானதல்ல. இருப்பினும் இரண்டாம் கோப்பையும் குடித்தேன்.

*

மறுநாள் கடைவீதிக்குப் புறப்பட்டோம். பனி விழுந்துகொண்டிருந்ததால் சென்னையிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் குடையை விரித்தேன். கவிதா என் கையைப் பிடித்து, "அப்பா, இங்க யாரும் பனிக்குக் குடை பிடிக்க மாட்டாங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க," என்றாள்.

"பார்க்கட்டும். வானத்திலிருந்து எது விழுந்தாலும் குடை பிடிப்பதுதான் முறை," என்றேன்.

நிறுத்தத்தில் வந்து நின்ற பேருந்து, பாக்கியத்தின் முழங்காலைப் பார்த்தோ என்னவோ, ஒரு பெருமூச்சு விட்டு நடைபாதைப் பக்கமாகச் சாய்ந்து தாழ்ந்தது. பாக்கியம் திகைத்துப்போய் ஓட்டுநரை நோக்கிக் கைகூப்பினாள். "பஸ்ஸே குனிஞ்சி கும்புடுது பாருங்க! நம்மூரு பஸ்ஸு படில ஏறத்துக்குள்ள முட்டி கயண்டுரும்."

ஆனால் அந்தப் பணிவான பேருந்து ஒரு சிறிய மேட்டில் சக்கரம் வழுக்கி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. எவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பெண் கம்பளிப் பின்னலைத் தொடர்ந்தாள். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கிடையில் பேருந்து இப்படி நின்றிருந்தால், இதற்குள் பாதிப் பேர் இறங்கித் தள்ளியிருப்பார்கள். மீதிப் பேர் எப்படித் தள்ள வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். நான் குடையை ஊன்றி எழுந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஐயா, தயவுசெய்து உட்காருங்கள். நீங்கள் விழுந்தால் எனக்கு இன்னும் தாமதமாகும்," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். உட்கார்ந்தேன். சாலையில் மணல் தூவும் வண்டி ஒன்று வந்து எங்களை மீட்டது.

கடைவீதியில் இலங்கைத் தமிழர் ஒருவரின் கடையில் கரும்பு கிடைத்தது. முழுக் கரும்பல்ல, ஒரு முழத் துண்டுகள், நெகிழித் தாளில் சுற்றியவை. கடைக்காரர், "இதுதான் ஐயா இங்க வாற கரும்பு. பானையோட சாத்தி வையுங்கோ, உயரமாத் தெரியும்," என்று ஆறுதல் சொன்னார்.

*

மூன்றாம் நாள்தான் பக்கத்து வீட்டு ஜெராரை அறிந்துகொண்டோம். என் வயதுள்ளவர்; பிரெஞ்சு மொழிக்காரர். காலையில் தம் வாசலைச் சுத்தம் செய்த கையோடு, கேட்காமலேயே எங்கள் வாசலின் பனியையும் இயந்திரத்தால் வாரி எறிந்துகொண்டிருந்தார். பாக்கியம் பொங்கல்படிக்குக் கொண்டுவந்திருந்த கருப்பட்டியில் ஒரு துண்டை உடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாயில் போட்டுக்கொண்டார், கண்ணை மூடினார், பிறகு விறுவிறுவென்று தம் வீட்டுக்குள் போய் ஒரு குப்பியோடு வந்தார். உள்ளே தேன் நிறத்தில் பாகு.

மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். பனி உருகத் தொடங்கும் மாதத்தில் மேப்பிள் மரத்தில் துளையிட்டு, சொட்டும் நீரைப் பிடித்து, கொல்லையில் அடுப்பு வைத்து நாள் முழுவதும் காய்ச்சி அந்தப் பாகை எடுப்பாராம்.

"பதநி காச்சற மாதிரிதான்னு சொல்லுங்க மாப்ள," என்றாள் பாக்கியம். "நாங்களும் மரத்துத் தண்ணில வெல்லம் எடுக்கற கூட்டம்தான்."

ஜெரார் அதைக் கேட்டு அவளுக்குத் தொப்பியைக் கழற்றினார். அன்று மாலை தோசைக்கு அந்தப் பாகைத் தொட்டுக்கொண்டோம். முறையல்ல என்றாலும் நன்றாக இருந்தது.

*

பொங்கல் காலை. சம்பந்திகள் விடிவதற்கு முன்பே டொராண்டோவிலிருந்து புறப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. எழுந்து கொல்லைப்புறத்துப் பனியைத் தள்ளிக் கல் தளம் தெரியும்படி செய்தேன். பொங்கல் வைக்கும் இடத்தில் மஞ்சள் நீர் தெளிக்காமல் அடுப்பை வைக்கக் கூடாது. ஆகவே வாளி நிறைய வெந்நீரில் மஞ்சளைக் கரைத்துத் தாராளமாகத் தெளித்தேன். பாக்கியம் பின்னாலேயே வந்து ஈரத்தின் மேல் அரிசி மாவால் கோலம் போட்டாள். அவள் கடைசிப் புள்ளியை வைத்து நிமிர்வதற்குள் தளம் முழுவதும் மஞ்சள் கண்ணாடியாக உறைந்துவிட்டது. கோலம் அதற்குள் அகப்பட்டுக்கொண்டது. அதன் மேல் காலை வைத்த மாப்பிள்ளை, கோலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நின்ற நிலையிலேயே வழுக்கிப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, இந்தக் குளிர்ல யாராவது தரையில தண்ணி ஊத்துவாங்களா?" என்றார். அடிபடவில்லை.

வேலிக்கு அப்பால் ஜெரார் எட்டிப் பார்த்தார். மஞ்சள் பனிக்கட்டியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, நாங்கள் புதிதாக நாய் வளர்க்கிறோமா என்று கேட்டார். மாப்பிள்ளை அதை எனக்கு மொழிபெயர்த்திருக்க வேண்டியதில்லை.

மூன்று செங்கல் வைத்து, மாப்பிள்ளை வாங்கி வைத்திருந்த சிறிய எரிவாயு அடுப்பை நடுவில் பொருத்தினோம். அது பற்றவில்லை. குளிரில் குப்பியிலிருந்து வாயுவே எழவில்லை. கவிதா வாசற்படியில் நின்று, "அப்பா, உள்ள ஸ்டவ்ல வெச்சிரலாமே," என்றாள். அவள் பட்டுப்புடவையின் மேல் தடித்த மேலங்கி அணிந்திருந்தாள், மூக்கு சிவந்திருந்தது. வானத்தில் சூரியன் இருந்த இடமே தெரியவில்லை. இதற்கிடையில் நெடுஞ்சாலையில் பனிப்புயலில் கார்கள் வரிசையாக நின்றுவிட்டன, தாமதமாகும் என்று சம்பந்தி வீட்டிலிருந்து இன்னொரு செய்தி வந்தது.

"உள்ளே பொங்குவதற்கு நான் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை," என்றேன். ஆனால் கையில் நெருப்பு இல்லாமல் அதைச் சொல்வது கடினமாக இருந்தது.

ஜெரார்தான் காப்பாற்றினார். மேப்பிள் நீர் காய்ச்சும் தம் பெரிய அடுப்பை, குளிரிலும் எரியும் எரிவாயு உருளையோடு இழுத்துவந்து, காற்றுக்கு மறைப்பாகத் தகரத்தையும் நட்டுவைத்தார். நீல நெருப்பு இரைந்து எழுந்தது. கப்பலில் பாரம் ஏற்றும்போது சமம் பார்த்த கண்ணால் பானையைச் சமமாக அமர்த்தி, பாலை ஊற்றினேன். மாப்பிள்ளை தம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார். அதன் சிறிய திரையில், நின்றுபோன காருக்குள்ளிருந்து சம்பந்தியும் சம்பந்தியம்மாளும் தலையோடு தலை சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரில் இல்லாவிட்டாலும் காணட்டும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

பால் மெல்ல எழுந்தது. விளிம்பு வரை வந்தது. அந்த நொடியில் ஜெரார் பதறிப்போய், நெருப்பைக் குறைப்பதற்காகக் கையை நீட்டினார்.

"யோவ், கைய எடுய்யா! பொங்கட்டும் வுடு!"

பாக்கியத்தின் குரல் காசிமேட்டு மீன் ஏலத்துக்குக்கூட அதிகம். தெருக்கோடியில் ஒரு நாய் குரைத்தது. ஜெராருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கை தானாகப் பின்வாங்கிற்று. பால் நுரைத்துக் கழுத்தைத் தாண்டி, ஐயத்துக்கு இடமின்றிக் கிழக்கே சரிந்து, தகரத்தின் அடியால் வழிந்து, மஞ்சள் தளத்தின் மேல் ஒரு நீண்ட வெள்ளை நாக்காக ஓடியது. "பொங்கலோ பொங்கல்!" என்று நால்வரும் கத்தினோம். ஜெரார் ஒன்றும் புரியாமல் கைதட்டினார். காய்ச்சும்போது பொங்கவிட்டால் தம் வீட்டில் திட்டு விழும், நீங்கள் அதற்காகவா காத்திருந்தீர்கள் என்று கேட்டார்.

மாப்பிள்ளையின் முகம் மட்டும் வாடியிருந்தது. கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். குளிரில் அது அணைந்துபோயிருந்தது. பாக்கியத்தின் கத்தல் வரைதான் அவர்களுக்குக் கேட்டிருக்கும். பால் பொங்கியதை அவர்கள் பார்க்கவில்லை.

*

பானையை உள்ளே எடுத்துச் சென்று அரிசியிட்டு, மின்னடுப்பில் பொங்கலை முடித்தோம். படைத்தோம், பெண்கள் குலவையிட்டார்கள். ஜெராருக்கு ஒரு கிண்ணம் போயிற்று. என் மனம் உள்ளே இல்லை. பொங்கிற்று என்று நான் சொல்லலாம். கிழக்கே பொங்கிற்று என்றும் சொல்லலாம். பெண்ணைப் பெற்றவன் வேறென்ன சொல்வான் என்று அந்த அம்மாள் ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும்.

கொல்லைப்புறக் கதவைத் திறந்து பார்த்தேன். நம் ஊரில் வழிந்த பால் அடுப்புச் சாம்பலோடு கலந்து உடனே மறைந்துவிடும். இங்கே அது மறையவில்லை. காலையில் நான் தவறாக ஊற்றிய மஞ்சள் நீரின் மேல், கோலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, பால் ஓடிய தடம் ஓடிய வடிவிலேயே உறைந்து கிடந்தது. திசை உட்பட எல்லாம் அதில் இருந்தது.

"யாரும் அதன் மேல் நடக்கக் கூடாது," என்று வீட்டுக்குள் அறிவித்தேன்.

"சாட்சிக்கு வெச்சிக்கினு கீறீங்களா?" என்றாள் பாக்கியம்.

நண்பகல் கடந்ததும் மீண்டும் பனி விழத் தொடங்கிற்று. முதலில் துடைப்பத்தால் மெல்லக் கூட்டிப் பார்த்தேன். உறைந்த பாலின் விளிம்பு பெயர்ந்தது. துடைப்பத்தை வைத்துவிட்டேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய், தடத்தின் அருகில் நின்று, அதன் மேல் விரித்துப் பிடித்தேன். சென்னையிலிருந்து வந்த குடை அது, சற்றுப் பெரியது. என் தோள்களுக்கு அதில் இடமில்லை.

கவிதா இருமுறை வந்து அழைத்தாள். இதோ வருகிறேன் என்றேன். ஜெரார் தம் சன்னலிலிருந்து பார்த்தார். இம்முறை அவர் எதுவும் கேட்கவில்லை. தொப்பியிலும் மேலங்கியிலும் பனி படிந்தது. கால் விரல்கள் இருக்கின்றனவா என்று தெரியவில்லை.

வாசலில் கார் வந்து நிற்கும் ஓசை கேட்டது. கதவுகள் திறந்து மூடின. வீட்டைச் சுற்றிக்கொண்டு, பனியில் கால் புதையப் புதைய, சம்பந்தியம்மாள்தான் முதலில் வந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, இந்தக் குளிர்ல யாருக்குங்க குடை புடிச்சுட்டு நிக்கறீங்க?"

கொல்லைப்புறக் கதவில் நின்ற பாக்கியம் முந்திக்கொண்டாள். "உங்களுக்குத்தான் சம்பந்திமா! பால் கெயக்கால வயிஞ்சிச்சுன்னு நீங்க நம்பணுமாம். அதுக்குத்தான் இவ்ளோ நேரம் தனியா நின்னுகினு கீறாரு."

அவள் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மாள் குடைக்குள் குனிந்தார். கையுறையைக் கழற்றி, மஞ்சள் பனிக்கட்டியின் மேல் பால் ஓடிய வழியைப் படாமல் விரலால் தொடர்ந்தார்.

"போன்ல 'பொங்கட்டும் வுடு'ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுங்க, அப்பறம் கட்டாயிருச்சு. வழியெல்லாம் எங்க ஊட்டுக்காரரு அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சுட்டு வந்தாருங்க," என்றவர் நிமிர்ந்து, "இது கெழக்குத்தானுங்களே?" என்றார்.

"கிழக்குதான்."

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். எங்கும் ஒரே வெள்ளை. "சூரியனத்தான் எங்கயும் காணமுங்க," என்றார். இம்முறை சிரிக்கவில்லை. தாம் முன்பு கேட்டது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"திருவொற்றியூரிலும் சில நாள் இப்படித்தான், அம்மா. அன்றைக்கும் பொங்கும்," என்றேன்.

அவர் என் கையிலிருந்து குடைக் கம்பை வாங்கிக்கொண்டார்.

"நீங்க உள்ள போயிச் சூடா ஏதாச்சும் குடிங்க சம்பந்தி. நெம்ப நேரமா நிக்கறீங்க. அவரு எறங்கி வர்ற வரைக்கும் நான் புடிச்சுக்கறேன்."

கதவருகில் போய்த் திரும்பிப் பார்த்தேன். சம்பந்தியம்மாள் தம் தலையில் பனி விழ விழ, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, சீக்கிரமா வந்து பாருங்க! பால் மேல பனி மூடிரப் போகுது!"